பதினாறு ரிப்போர்ட்டுகள்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்குப் பிரிசில்லா தன் இருக்கையில் உட்கார்ந்து கணினியைத் திறந்தபோது, திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கைப்பையை மேஜைக்கடியில் வைத்தாள். போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஓசூர் ரோட்டை ஒட்டிய அந்த முந்நூறு படுக்கை மருத்துவமனையில் அவள் பதினோரு வருடமாகச் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறாள். தரைக்கடியில், வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டி, ஏ.சி. போட்ட அறையில் மூன்று பெரிய இயந்திரங்கள் இருந்தன. ஹோஸ்ட் என்பார்கள். ஒவ்வொரு ஹோஸ்டுக்குள்ளும் பத்துப் பதினைந்து சர்வர்கள் ஓடின. பில் போட ஒன்று, மருந்துக்கடைக்கு ஒன்று, ரத்தம் பரிசோதிக்கும் லேபுக்கு ஒன்று. தனித்தனிப் பெட்டிகள் கிடையாது. ஒரே இயந்திரத்தைப் பங்கு போட்டுக்கொண்டு பல சர்வர்கள் குடியிருந்தன. அவை எழுதி வைப்பதெல்லாம் பக்கத்து ரேக்கில் இருந்த ஸ்டோரேஜ் பெட்டியில் போய்ச் சேரும். இத்தனையையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க, நிறுத்த, இடம் மாற்ற ஒரு மேனேஜ்மென்ட் சர்வர் இருந்தது. அதன் திரைதான் இப்போது திறக்கவில்லை.

முதலில் அவள் பதறவில்லை. மேஸ்திரி மயங்கி விழுந்தால் கொத்தனார்கள் கரண்டியைக் கீழே போட்டுவிடுவதில்லை. மேனேஜ்மென்ட் சர்வர் படுத்தாலும் மற்ற சர்வர்கள் ஓடும். நெட்வொர்க் வழியாக அதைத் தட்டிப் பார்த்தாள். உயிரோடு இருக்கிறேன் என்று பதில் வந்தது. உள்ளே நுழைய முயன்றால் மட்டும் கதவு திறக்கவில்லை.

ஒன்பதரைக்கு லேபிலிருந்து போன் வந்தது. சாந்தகுமாரி. லேபின் பொறுப்பாளர், ஐம்பத்து நான்கு வயது, விவேக் நகர்க்காரர். குரலை உயர்த்தத் தெரியாதவர்.

“பிரிசில்லா, சிஸ்டத்துக்கு இன்னாம்மா ஆச்சு? ரிப்போர்ட் வார்டுக்குப் போவே மாட்டேங்குது. நர்சுங்க மாத்தி மாத்திக் கூப்புடுறாங்க.”

“உங்க ஸ்கிரீன்ல ரிசல்ட் தெரியுதா சாந்தாக்கா?”

“தெரியுது. மெஷின்லேருந்து வந்து நிக்குது. ஆனா எல்லாம் சாம்பல் கலர்லயே இருக்குது. சேவ் ஆவல போல.”

“எப்போலேருந்து?”

“எட்டே முக்கால் இருக்கும்.”

போனை வைத்தபோதுதான் பிரிசில்லாவுக்குப் புரிந்தது. திரை தெரிகிறது, எழுத முடியவில்லை. கோளாறு மேனேஜ்மென்ட் சர்வரில் இல்லை; அது நோயின் முதல் அறிகுறி மட்டும்தான்.

மூன்று ஹோஸ்டுகளுக்குள்ளும் நேராக நுழைந்து பார்த்தாள். முதலாவதும் மூன்றாவதும் உடனே உள்ளே விட்டன. இரண்டாவது நான்கு நிமிடம் கழித்து விட்டது. அதில் ஸ்டோரேஜைப் பட்டியலிடச் சொல்லி ஒரு கட்டளை அடித்தாள். கறுப்புத் திரையில் கர்சர் கண் சிமிட்டியது. பட்டியல் வரவில்லை. இன்னொரு ஜன்னலைத் திறந்து, நடப்பதையெல்லாம் நேரத்தோடு பதிந்து வைக்கும் லாகைப் பார்த்தாள். எட்டு மணி நாற்பத்தொரு நிமிடத்தில் ஸ்டோரேஜுக்குப் போகும் பாதை அறுந்தது என்று ஒரு வரி. அதற்குக் கீழே மறுமுயற்சி, மறுமுயற்சி என்று ஆயிரக்கணக்கான வரிகள்.

மேனேஜ்மென்ட் சர்வர் இரண்டாவது ஹோஸ்டில்தான் குடியிருந்தது. லேப் சர்வரும் அங்கேதான். பில் போடும் சர்வரும் அங்கேதான்.

கீழே இறங்கிப் போனாள். ஸ்டோரேஜ் பெட்டியின் பின்புறம் இரண்டு கன்ட்ரோலர்கள் இருந்தன. ஒன்று போனால் மற்றது தாங்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு ஹோஸ்டிலிருந்தும் இரண்டிற்கும் ஒவ்வொரு கேபிள் போகும். முதல் கன்ட்ரோலரில் பழுதைக் காட்டும் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரிந்த விளக்கு. பத்தொன்பது நாளாக எரிகிறது. எரிய ஆரம்பித்த அன்றைக்கே தன் மேலாளர் ரகுராமுக்கு மெயில் எழுதினாள். சர்வீஸ் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது மாற்றிக்கொள்ளலாம், அதுவரை இன்னொன்று ஓடுகிறதே என்று பதில் வந்தது. மானிட்டரிங் திரையில் எச்சரிக்கை ஐந்து நிமிடத்துக்கொரு தரம் கத்தியதால், ‘பார்த்தாயிற்று’ என்ற கட்டத்தை அவளே டிக் செய்து வாயடைத்தாள். இரண்டாவது தடவை அவள் மெயில் எழுதவில்லை.

இப்போது இரண்டாவது கன்ட்ரோலரில், இரண்டாவது ஹோஸ்டுக்குப் போகும் கேபிளின் முனையில் இருந்த விளக்கு அணைந்திருந்தது. கேபிளை உருவி மறுபடி செருகினாள். எரியவில்லை. வேறு கேபிள் போட்டாள். அப்போதும் எரியவில்லை. கேபிள் நன்றாகத்தான் இருந்தது. அதைச் செருகும், கட்டைவிரல் அளவுள்ள அந்த மாட்யூல் செத்துவிட்டது. அலமாரியில் உபரி மாட்யூல் இருக்கிறதா என்று தேடினாள். ஒரு காலி அட்டைப்பெட்டிதான் கிடைத்தது.

ஸ்டோரேஜ் கம்பெனியின் எஞ்சினியர் லாயிடைக் கூப்பிட்டாள்.

“மேடம், நான் ஊரோட அந்தக் கோடில, எலஹங்கால இருக்கேன். மாட்யூல் எடுத்துட்டு வர மூணு மணி ஆயிடும். வேற வழியில்ல,” என்றான்.

ரகுராம் வேகவேகமாக உள்ளே வந்தார். ஐம்பது வயது. கோயம்புத்தூர்க்காரர். ஏ.சி. அறையிலும் அவருக்கு நெற்றி வேர்த்திருந்தது.

“சேர்மன் ரெண்டு தடவ கூப்பிட்டுட்டாருங்க. பில்லிங் கவுண்டர்ல கூட்டம் ரோடு வரைக்கும் நிக்குது. என்ன பண்ணலாம்?”

அவள் சொன்னாள். அவருக்கு உடனே புரிந்தது. அவரும் இந்த வேலையிலிருந்து மேலே போனவர்தான்.

“அப்ப ரெண்டாவது ஹோஸ்ட ஆஃப் பண்ணிரு. மத்த ரெண்டு ஹோஸ்டும் அந்தச் சர்வர்கள எடுத்துக்கும். பத்து நிமிஷத்துல எல்லாம் வந்துரும்.”

“வந்துரும் சார். ஆனா லேப்ல எட்டே முக்கால்லேருந்து வந்த ரிசல்ட் எதுவும் டிஸ்க்ல எழுதல. மெமரிலதான் நிக்குது. ஆஃப் பண்ணா அத்தனையும் போயிடும்.”

“எத்தன இருக்கும்?”

“தெரியாது. நான் போய்ப் பாக்குறேன். பேப்பர்ல எழுதி எடுத்துட்டா அப்புறம் பண்ணிக்கலாம். அரை மணி நேரம் குடுங்க சார்.”

ரகுராம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பத்து இருபது இப்ப. சீக்கிரம் போ.”

அரை மணி தருவதாக அவர் சொல்லவில்லை. அவள் கேட்டதை அவர் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டு படியேறினாள்.

லேப் இரண்டாவது மாடியில். அங்கே நான்கு போன்களும் அடித்துக்கொண்டிருந்தன. திரையில் வரிசையாக நாற்பத்தேழு பேரின் முடிவுகள், எல்லாம் சாம்பல் நிறத்தில். வழக்கமாக ஆபத்தான எண் வந்தால் அந்த வரி சிவப்பாகிவிடும். பார்த்தவர் உடனே வார்டுக்குப் போன் செய்ய வேண்டும். ஆனால் சேமித்த பிறகுதான் சிஸ்டம் எண்ணைச் சரிபார்த்து நிறம் கொடுக்கும். சேமிக்கவே முடியாததால் எது ஆபத்து, எது இல்லை என்று நிறத்தை வைத்துச் சொல்ல வழியில்லை.

“சாந்தாக்கா, இத அப்படியே பேப்பர்ல எழுதிடுங்க. பேரு, நம்பர், எல்லா வேல்யூவும். ஹோஸ்ட ஆஃப் பண்ணப் போறோம். பண்ணா இது காணாமப் போயிடும்.”

சாந்தகுமாரி ஒரு கணம் திரையைப் பார்த்தார். “பிரிண்ட் வராதா?”

“வராது. பிரிண்ட்டும் அந்தச் சர்வர் வழியாத்தான்.”

“போட்டோ புடிச்சா?”

பிரிசில்லா தன் போனால் படம் எடுத்துப் பார்த்தாள். ஒரு திரையில் பன்னிரண்டு வரிதான் தெரியும், அதிலும் பெயரும் நேரமும் மட்டும்தான். ஒவ்வொரு வரியையும் தொட்டுத் திறந்தால்தான் எண்கள் வரும். திறக்க ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் பிடித்தது.

சாந்தகுமாரி திறந்து படித்தார். இரண்டு டெக்னீஷியன்கள் எதிரில் உட்கார்ந்து மாற்றி மாற்றி எழுதினார்கள். பட்டியலில் மேலே இருந்தவை புதியவை, கீழே இருந்தவை பழையவை. மேலிருந்து தொடங்கினார்கள். யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. ஒரு பட்டியலை எங்கிருந்து படிப்பார்களோ அங்கிருந்து படித்தார்கள்.

பத்து நாற்பத்தேழுக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது. பிரிசில்லா ரகுராமுக்குச் செய்தி அனுப்பினாள். ‘இன்னும் பதினைந்து நிமிடம். தயவுசெய்து தொடாதீர்கள் சார்.’ அவர் படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீல டிக்குகள் விழுந்தன. பதில் இல்லை.

பத்து ஐம்பத்திரண்டுக்கு முப்பத்தோராவது பெயரை எழுதி முடித்தபோது திரை வெள்ளையானது.

சாந்தகுமாரி மவுஸை இரண்டு முறை அழுத்தினார். “பிரிசில்லா?”

அவள் படியிறங்கி ஓடினாள். சர்வர் அறையில் ரகுராம் இரண்டாவது ஹோஸ்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் ஆள்காட்டி விரல் இன்னும் நீண்டிருந்தது.

“முடிஞ்சிருக்கும்னு நெனச்சேன்,” என்றார். பிறகு, “சேர்மன் லைன்லயே இருந்தாருங்க,” என்றார்.

ஒன்பது நிமிடத்தில் எல்லாச் சர்வர்களும் மற்ற இரண்டு ஹோஸ்டுகளில் எழுந்து நின்றன. மேனேஜ்மென்ட் சர்வரின் திரை பளிச்சென்று திறந்தது. பில் கவுண்டரில் வரிசை நகர ஆரம்பித்தது. பிரிசில்லா லேபுக்குப் போன் செய்து, மீதி பதினாறு பேரின் முடிவைப் பரிசோதனை மெஷின்களின் சொந்த நினைவிலிருந்து தேடி எடுக்க முடியுமா என்று கேட்டாள்.

“எடுக்கலாம்மா. ஒவ்வொரு மெஷினா, ஒவ்வொரு நம்பரா தேடணும். இப்போ பதினோரு மணி சாம்பிளும் வந்து குவிஞ்சிக் கெடக்குது. பாக்குறோம்.”

அந்தப் பதினாறு பேரில் ஒருவர் நாராயணசாமி. ஐம்பத்தெட்டு வயது. பொம்மனஹள்ளியில் ஒரு தொழிற்சாலையில் காவலாளி. சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வருகிறவர். கையில் ஊசி போடும் இடம் அடைத்துக்கொண்டதால் முந்தின சனிக்கிழமை முறை தவறிப்போய், புதன்கிழமைக்கு நாள் குறித்திருந்தார்கள். செவ்வாய் காலை எழுந்தபோது கால் இரண்டும் துணியாகத் துவண்டன என்று மனைவி தனலக்ஷ்மி ஆட்டோ பிடித்துக் கூட்டிவந்தார். எட்டரைக்கு ரத்தம் எடுத்தார்கள். ஈ.சி.ஜி.யைப் பார்த்த டியூட்டி டாக்டருக்குச் சந்தேகம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும்; அது எவ்வளவு என்று தெரிந்தால் போதும். வார்டுத் திரையில் ‘நிலுவை’ என்றே இருந்தது. டாக்டர் லேபுக்கு மூன்று முறை போன் செய்தார். இரண்டு முறை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தவர், சிஸ்டம் வந்துகொண்டிருக்கிறது, இதோ அனுப்புகிறோம் என்றார்.

பன்னிரண்டு பத்துக்கு நாராயணசாமியின் இதயம் நின்றது. நாற்பது நிமிடம் நெஞ்சை அழுத்தினார்கள். திரும்பவில்லை.

பன்னிரண்டு ஐம்பத்து நான்குக்குச் சாந்தகுமாரியே அந்த வார்டுக்குப் போன் செய்தார். பெட் நம்பர் பதினேழு, பொட்டாசியம் ஏழு புள்ளி இரண்டு, மிக ஆபத்து என்றார். மெஷின் அந்த எண்ணைக் கணக்கிட்ட நேரம் காலை ஒன்பது பதினான்கு. அந்தப் பக்கம் போனை எடுத்த நர்ஸ், “லேட் மேடம்,” என்றாள்.

பிரிசில்லாவுக்கு இது இரண்டு மணிக்குத்தான் தெரிந்தது. சாந்தகுமாரி நேரில் வந்து சொன்னார். நின்றபடியே சொன்னார், உட்காரவில்லை.

“கீழேருந்து மூணாவது பேரும்மா அது. அடியிலேருந்து ஆரம்பிச்சிருந்தா முதல் ரெண்டு நிமிஷத்துல பாத்திருப்பேன்.”

“அக்கா...”

“ஏழு புள்ளி ரெண்டப் பாத்தா எனக்குக் கலரு எதுக்கு? இருவத்தெட்டு வருஷம் இதே வேலதான?”

மூன்று மணிக்கு லாயிட் வந்தான். முதுகுப்பையை இறக்கிவிட்டு ஸ்டோரேஜின் பின்புறம் குனிந்தான். புது மாட்யூலை எடுக்கப் பையைத் திறந்தவன் நிறுத்தினான். செத்துக் கிடந்த முதல் கன்ட்ரோலரிலிருந்து, சும்மா இருந்த ஒரு மாட்யூலைக் கழற்றி, இரண்டாவதில் செருகிப் பார்த்தான். விளக்கு பச்சையாக எரிந்தது. இரண்டு நிமிடத்தில் இரண்டாவது ஹோஸ்ட் ஸ்டோரேஜைக் கண்டுகொண்டது.

“இதுவே போதும் மேடம். அந்த கன்ட்ரோலர்தான் டெட். இந்த மாட்யூல் நல்லாத்தான் இருக்கு,” என்றான் சாதாரணமாக.

பிரிசில்லா குனிந்து முதல் கன்ட்ரோலரைப் பார்த்தாள். காலையில் அதே இடத்தில் குனிந்து நின்றவள் அவள். மூன்று மாட்யூல்கள் அவள் கண்ணெதிரே சும்மா இருந்தன. அவற்றை விட்டுவிட்டு அலமாரியில் காலி அட்டைப்பெட்டியைத் துழாவப் போயிருந்தாள்.

“காலைல இத மாத்தியிருந்தா, ஹோஸ்ட ஆஃப் பண்ணாமலே மெமரில இருந்ததெல்லாம் எழுதியிருக்குமா லாயிட்?”

அவன் யோசித்தான். “எழுதியிருக்கலாம். ரெண்டு மணி நேரம் டிஸ்க் இல்லாம இருந்த சர்வர், எழுதாமலும் போயிருக்கலாம். சொல்ல முடியாது மேடம்.”

ஆஸ்டின் டவுனில் அவள் வீட்டுக்குப் பஸ் ஏறியபோது, டிக்கெட் கேட்ட கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. வீட்டில் கணவன் கிறிஸ்டோபர் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டான். ஒரு ஆள் செத்துட்டாரு என்று மட்டும் சொன்னாள். யாரு என்றான். தெரியல என்றாள். அது உண்மைதான். அவள் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை.

வியாழக்கிழமை சாந்தகுமாரியை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். ஆபத்தான முடிவைத் தொலைபேசியில் தெரிவிக்க லேப் தவறிவிட்டது என்பது காரணம். அன்று மாலை ரகுராம் பிரிசில்லாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, சம்பவ அறிக்கையை எழுதச் சொன்னார். அவள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். இரண்டு பக்கம், நேரவாரியாக.

அவர் படித்தார். முதல் பக்கத்தை முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பத்து நாப்பத்தேழு மெசேஜ், பத்து அம்பத்திரண்டு பவர் ஆஃப். இந்த ரெண்டு வரி வேண்டாம். அந்தப் பத்தொம்போது நாள் கதையும் வேண்டாம். ‘ஸ்டோரேஜ் பாதை எதிர்பாராமல் பழுதானது, ஹோஸ்ட் மறுபடி துவக்கப்பட்டது’ன்னு இருந்தாப் போதும்.”

“அப்போ சாந்தாக்கா?”

“அது லேப் விஷயம். நாம ஏன் அதுல தலையிடணும்?”

“அவங்க எழுதிட்டிருக்கும்போதுதான் சார் திரை போச்சு.”

“உன்னையும் சேத்துத்தான் சொல்றேன், புரிஞ்சுக்கோ. அந்த அலர்ட்ட டிக் பண்ணது யாரு? உன் பேருதான லாக்ல இருக்குது?”

“ஆமா சார். அதையும் எழுதியிருக்கேன். ரெண்டாவது பக்கம் பாருங்க. மாட்யூல் மாத்தியிருக்கலாம், எனக்குத் தோணல, அதுவும் இருக்கு.”

ரகுராம் இரண்டாவது பக்கத்தைத் திருப்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே மேம்பாலத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

“எனக்கு அன்னிக்கு ராத்திரிலேருந்து தூக்கம் இல்ல பிரிசில்லா,” என்றார். “அந்த ஆளப் போயி பாத்தேன். மார்ச்சுவரில. நீ பாத்தியா?”

“இல்ல சார்.”

“பாத்துட்டுதான் சொல்றேன். போனவர் போயிட்டாரு. நாம மூணு பேரு போறதுனால அவரு வரப்போறது இல்ல.”

அவர் சொன்னதில் பொய் இல்லை என்று அவளுக்குப் பட்டது. அதனால்தான் அங்கே இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் ஒத்துக்கொண்டுவிடுவோமோ என்று பயந்து, “நான் இதையே குடுத்துடுறேன் சார்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் நின்று, போனிலிருந்தே அறிக்கையை விசாரணைக் குழுவிலுள்ள ஐந்து பேருக்கும் அனுப்பினாள். ஒரு பிரதியைத் தனக்கும் அனுப்பிக்கொண்டாள்.

குழு இரண்டு வாரம் கூடியது. முடிவு ஒரு பக்கத்தில் வந்தது. யார் கைக்கும் எட்டாத தொழில்நுட்பக் கோளாறு என்றது அது. அவள் அறிக்கை இணைப்பாகக் கூடச் சேர்க்கப்படவில்லை. சாந்தகுமாரியைத் திரும்ப எடுத்தார்கள். ஆனால் லேபில் இல்லை. நகரத்தின் மறுகோடியில் ரத்தம் சேகரிக்கும் ஒரு சின்ன மையத்தில் போட்டார்கள். அவர் ஒரு மாதம் போய்வந்துவிட்டு நின்றுவிட்டார். ரகுராம் இருந்த இடத்திலேயே இருந்தார். பிரிசில்லாவிடம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அடையாள அட்டையையும் சாவியையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். பணியிடம் குறைக்கப்படுவதாகக் கடிதத்தில் இருந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு அவள் பொம்மனஹள்ளிக்குப் போனாள். முகவரியைச் சாந்தகுமாரிதான் கொடுத்தார்; டயாலிசிஸ் பிரிவில் இருந்த யாரையோ கேட்டு வாங்கியிருந்தார். கூட வருகிறேன் என்றும் சொன்னார். பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார். பஸ் வந்ததும், “என்னால முடியலம்மா, நீ போய்ட்டு வா,” என்று திரும்பிவிட்டார்.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. தனலக்ஷ்மி கதவைத் திறந்தார். துணி தைக்கும் ஃபேக்டரியில் வேலை செய்பவர். தருமபுரிப் பக்கத்துப் பேச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து என்றதும் உட்காரச் சொல்லவில்லை.

“இன்னும் என்னா கையெழுத்துப் போடணும்?”

“கையெழுத்து இல்லம்மா. அன்னிக்கு என்ன நடந்ததுன்னு சொல்ல வந்தேன். நான் அங்க கம்ப்யூட்டர் பாத்துட்டு இருந்தவ. இப்போ இல்ல.”

தனலக்ஷ்மி அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதவிலிருந்து நகர்ந்தார்.

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. பிரிசில்லா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். பத்தொன்பது நாள் எரிந்த விளக்கு. தான் அடைத்த எச்சரிக்கை. எட்டு நாற்பத்தொன்று. ஒன்பது பதினான்குக்கு மெஷின் கண்டுபிடித்த எண். அந்த எண் அப்போதே வார்டுக்குப் போயிருந்தால் ஊசி போட்டிருப்பார்கள், உடனே டயாலிசிஸ் செய்திருப்பார்கள், பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்றும் சொன்னாள். ஹோஸ்ட், கன்ட்ரோலர் என்ற வார்த்தைகள் வந்தபோது பெட்டி, வழி என்று மாற்றிச் சொன்னாள். தனலக்ஷ்மி குறுக்கிடவில்லை. பத்து ஐம்பத்திரண்டு வந்தபோது மட்டும் கையைத் தூக்கினார்.

“அத இன்னொருக்கா சொல்லு.”

சொன்னாள்.

“பத்து அம்பத்திரண்டு,” என்றார் தனலக்ஷ்மி. “பதினோரு மணி இருக்கும், தண்ணி கேட்டாரு. இவங்களுக்குத் தண்ணி அளவுதானே? காலைலயே ரெண்டு டம்ளரு குடிச்சிட்டாரு. ரிப்போர்ட் வரட்டும், டாக்டரக் கேட்டுட்டுத் தரேன்னேன். மறுபடி கேட்டாரு. ரிப்போர்ட் வரட்டும்யான்னு ஒரு அதட்டு அதட்டிட்டேன். அப்புறம் அவரு கேக்கல.”

அவர் அழவில்லை. பிரிசில்லாதான் அழுதாள், வந்த இடத்தில் தான் அழுவது சரியில்லை என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை. தனலக்ஷ்மி அவள் முடிக்கும்வரை காத்திருந்தார்.

“இத எல்லாம் யாராச்சும் கேட்டா வெளிய சொல்லுவியா?” என்றார் பிறகு. “எங்க ஃபேக்டரில யூனியன்ல ஒருத்தரு இருக்காரு. கேஸு போடலாம்னாரு. கையில காயிதம் எதுவும் இல்லியேன்னு சும்மா இருந்தேன்.”

“சொல்லுவேன்.”

“உன் பேரும்தான வரும்?”

“வரும்.”

தனலக்ஷ்மி காகிதத்தை வாங்கி, நான்காக மடித்து, பீரோவில் துணிகளுக்கடியில் வைத்தார். போய்வருகிறேன் என்று பிரிசில்லா சொன்னபோது தலையை மட்டும் அசைத்தார்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் பதிவானது. மருத்துவமனையின் வக்கீல் இரண்டு முறை வாய்தா வாங்கினார். நடுவில் பிரிசில்லா மூன்று கம்பெனிகளுக்கு நேர்முகத்துக்குப் போனாள்; முந்தைய இடத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள், அவள் சொன்னாள், பிறகு யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது.

புகார் கொடுத்த ஐந்தாம் மாதத்தில் மூன்றாவது விசாரணை நாள் வந்தது. ஆணைய அலுவலகத்தின் நீளமான நடைபாதையில் பெஞ்சில் தனலக்ஷ்மியும் அந்த யூனியன்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப் பெஞ்சில் ரகுராம், வக்கீலுடன். இளைத்திருந்தார். பிரிசில்லாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவர்போல அசைந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பெயர் கூப்பிட்டார்கள். உள்ளே மேஜைக்குப் பின்னாலிருந்த அதிகாரி கன்னடத்தில், இறந்தவர் பக்கமா, ஆஸ்பத்திரி பக்கமா என்று கேட்டார். பிரிசில்லாவுக்கு எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தான் என்று கன்னடத்திலேயே சொன்னாள். அவர் பேனாவின் மூடியைத் திறந்து, எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டார். அவள் ஆரஞ்சு விளக்கு எரிய ஆரம்பித்த நாளைச் சொன்னாள். அவர் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்.